பாலைவெளியில் கிடைக்கும் புதைபடிவம்: எடுப்பதற்கு முன் அறிய வேண்டியவை

அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா, நெவாடா மாநிலங்களின் பாலைநிலங்களில், செடிகொடிகள் மூடாத பாறை அடுக்குகள் காற்றாலும் வெள்ளத்தாலும் இடைவிடாது அரிக்கப்படுவதால், கோடிக்கணக்கான ஆண்டுகள் பாறைக்குள் கிடந்த எலும்பும் சிப்பியும் மரத்துண்டும் நடைப்பயணம் செல்வோரின் காலடியிலேயே வெளிப்படுகின்றன. கண்ணில் பட்டது புதைபடிவம்தானா, அதை எடுத்துச் செல்ல உரிமை உண்டா என்னும் இரண்டையும் அறியாமல் கைவைப்பது, அறிவியலுக்கு இழப்பையும் எடுத்தவருக்குக் குற்ற வழக்கையும் கொண்டுவரக்கூடும்.

கல்லா, படிவமா?

பண்டைய உயிரினத்தின் உடற்பகுதியோ அது விட்டுச்சென்ற தடமோ பாறையில் எஞ்சியிருப்பதே புதைபடிவம் ஆகும். எலும்புப் படிவத்தின் உடைந்த முகத்தில் பெரும்பாலும் தேன்கூடு போன்ற நுண்ணறைகள் தெரியும். கல்மரத்தில், அதாவது மரத்தின் திசுக்களில் சிலிக்கா படிந்து கல்லானதில், நாரோட்டமும் சில வேளைகளில் வளையங்களும் காணப்படும். காலடித் தடமாயின் ஒத்த வடிவமுள்ள குழிகள் சீரான இடைவெளியில் தொடர்ந்து செல்லும். மாறாக, பாறை வெடிப்புகளில் மாங்கனீசு ஆக்சைடு கிளைகிளையாகப் படர்ந்து பெரணி இலைபோல் தோன்றுவதும், தாதுக்கள் ஒரு கருவைச் சுற்றித் திரண்டு முட்டைபோல் உருண்டிருப்பதும் உயிரினத்தின் எச்சங்கள் அல்ல. இவை போலிப்படிவங்கள் எனப்படும். நாவில் வைத்தால் ஒட்டிக்கொள்வது எலும்பு என்று கருதிச் சோதிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. யூட்டா, கொலராடோ பகுதிகளின் மோரிசன் பாறைத்தொகுதியில் கிடைக்கும் டைனோசர் எலும்புகள் பலவற்றில் கதிரியக்கமுள்ள யுரேனியம் சேர்ந்திருப்பதால், அச்சோதனை தவிர்க்கப்பட வேண்டியதாகும்.

உரிமை எதைப் பொறுத்தது?

உரிமையைத் தீர்மானிப்பவை இரண்டு: நிலம் யாருடையது, படிவம் எவ்வகையது. 2009-ஆம் ஆண்டின் தொல்லுயிர் வளப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பிலுள்ள நிலங்களில், தடை செய்யப்பட்ட பகுதிகள் நீங்கலாக, பரவலாகக் கிடைக்கும் முதுகெலும்பற்ற உயிரினங்களின் படிவங்களையும் தாவரப் படிவங்களையும் சொந்த விருப்பத்திற்காக, நாளொன்றுக்கு 25 பவுண்டு, அதாவது சுமார் 11 கிலோ வரை, ஆண்டுக்கு 100 பவுண்டுக்கு மிகாமல் எடுக்கலாம், ஆனால் விற்கலாகாது. கல்மரத்திற்குத் தனி விதி உண்டு. முதுகெலும்புள்ள விலங்கின் எலும்பு, பல், காலடித் தடம் எதுவாயினும், ஆய்வு அனுமதி பெற்றோரைத் தவிர வேறெவரும் எடுக்க முடியாது. தேசியப் பூங்காக்களில் சிறு துண்டையும் எடுக்கக் கூடாது. பழங்குடியினரின் நிலத்தில் அவர்களது அனுமதியும், தனியார் நிலத்தில் உரிமையாளரின் ஒப்புதலும் தேவை. மாநில அரசு நிலங்களுக்கு அந்தந்த மாநிலச் சட்டம் பொருந்தும். கூட்டாட்சிச் சட்டத்தை அறிந்தே மீறுவோருக்கு அபராதத்துடன் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

அறியாமையால் நேரும் அழிவும் சிறிதன்று. யூட்டாவின் ரெட் ஃபிளீட் மாநிலப் பூங்காவில், டைனோசர் தடங்கள் பதிந்த பாறைப் பலகைகளைப் பார்வையாளர்கள் வெறுங்கல்லென எண்ணிப் பெயர்த்து நீர்த்தேக்கத்தில் எறிந்து வந்தது 2018-இல் பெரும் கவலையாக எழுந்தது.

செய்ய வேண்டியவை

ஐயத்திற்குரிய பொருளைக் கண்டவர் அதைத் தோண்டாமலும் பெயர்க்காமலும், அருகில் அளவுகோலோ நாணயமோ வைத்துப் பல கோணங்களில் படமெடுத்து, சுற்றியுள்ள பாறைச் சரிவும் தெரியுமாறு மற்றொரு படமும் எடுத்து, கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். இவற்றை அந்நிலத்தை நிர்வகிக்கும் அலுவலகத்திற்கோ, மாநிலப் புவியியல் துறைக்கோ, அருகிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்கோ தாமதமின்றி அனுப்புவது நல்லது; ஏனெனில் வெளிப்பட்ட படிவத்தை அடுத்த மழையே சிதைத்துவிடக்கூடும். இருப்பிடத்தைச் சமூக ஊடகங்களில் வெளியிடுவது திருடருக்கு வழிகாட்டுவதாகிவிடும் என்பதால், சட்டமும் கூட்டாட்சி நிலங்களிலுள்ள படிவங்களின் இருப்பிட விவரத்தை மறைபொருளாகவே காக்கிறது.

அறியாமல் எடுத்து வந்துவிட்டவர், அதைத் தாமே கொண்டுபோய் ஏதோ ஓரிடத்தில் போட்டுவிடாமல், எடுத்த இடத்தின் விவரத்தோடு உரிய அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அரிசோனாவின் கல்மரக் காட்டுத் தேசியப் பூங்காவுக்கு, மனம் உறுத்தி மன்னிப்புக் கடிதங்களுடன் பலர் திருப்பியனுப்பிய கற்கள், எங்கிருந்து எடுக்கப்பட்டவை என்பது தெரியாததால் காட்டுக்குள் மீண்டும் வைக்கப்படாமல் தனிக்குவியலாகவே கிடக்கின்றன. எந்த அடுக்கில், எவற்றின் அருகே கிடந்தது என்பதே ஒரு படிவம் தன் காலத்தைப் பற்றிச் சொல்லும் சாட்சியம். கல்லைத் திருப்பித் தரலாம், அந்தச் சாட்சியத்தைத் திருப்பித் தர இயலாது.