கொட்டக் கூடாத கஞ்சி

இத்தாலியின் தென்கிழக்குக் கரையில் பாரி என்றொரு துறைமுக நகரம். அதன் பழைய பகுதியில், கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு சந்தில், பெண்கள் வீட்டு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து பாஸ்தா செய்வார்கள். மாவைக் கயிறுபோல் உருட்டி, சுண்டைக்காய் அளவுக்கு நறுக்குவார்கள். மழுங்கிய கத்தியால் துண்டைப் பலகைமேல் ஓர் இழுப்பு. சுருண்டு வந்ததைக் கட்டைவிரலில் மாட்டி ஒரு திருப்பு. குழந்தையின் காது மடல்போல ஒன்று தட்டில் விழும். அதற்குப் பெயரே ஒரெக்கியெத்தே, அதாவது குட்டிக் காதுகள். வலைத்தட்டுகளில் அவை தெருக்காற்றில் உலரும்.

அந்த மாவில் இரண்டே பொருள்கள்: கோதுமை ரவையும் தண்ணீரும். முட்டை கிடையாது, எண்ணெய் கிடையாது. இந்த இரண்டும் சேர்ந்த ஒன்று எப்படி இழுத்த இழுப்புக்கு வளைகிறது? கொதிநீரில் போட்டால் ஏன் கரைந்துபோவதில்லை? வெந்தபின் கீரையோடும் கத்தரிக்காயோடும் எப்படி ஒட்டி உறவாடுகிறது? முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை மாவில் இருக்கிறது. மூன்றாவதன் விடை, பாஸ்தா வெந்த தண்ணீரில். நாம் வடிகஞ்சி என்போமே, அதில்தான்.

மாவுக்குள் ஒரு வலை

கோதுமையில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. உலர்ந்த மாவில் அவை தனித்தனியே கிடக்கும். தண்ணீர் ஊற்றிப் பிசைந்ததும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலையாகின்றன. குளூட்டன் என்பது இந்த வலைதான். குளூட்டெனின் அதற்கு முறுக்கைத் தருகிறது. கிளையடின் நெகிழ்வைத் தருகிறது. பிசைந்த மாவை அரைமணி நேரம் மூடிவைப்பது ஏன் என்று பரோட்டா போடுகிறவரைக் கேட்டால் தெரியும்: முறுக்கிய வலை தளர்ந்தால்தான் மாவு திரும்பச் சுருங்காமல் சொன்னபடி கேட்கும்.

அரிசியில் குளூட்டன் இல்லை. அதனால்தான் இடியாப்ப மாவுக்குக் கொதிக்கும் தண்ணீர் விடுகிறோம். சூடு பட்ட மாவுச்சத்து பசையாகி மாவைப் பிடித்துவைக்கிறது. பாரிப் பெண்களுக்கு வெதுவெதுப்பான தண்ணீரே போதும். பிடிக்கிற வேலையைப் புரதம் பார்த்துக்கொள்கிறது.

அவர்கள் எடுப்பது துரும் என்ற கோதுமையின் ரவை. மறுபடி அரைத்து நைசாக்கிய, இளமஞ்சள் ரவை. துரும் என்ற லத்தீன் சொல்லுக்குக் கடினமானது என்று பொருள். ரொட்டிக்கான கோதுமையில் 42 குரோமோசோம்கள். துரும் கோதுமையில் 28 மட்டுமே. ரொட்டிக் கோதுமையிடம் இருக்கும் ஒரு முழுத் தொகுதி இதனிடம் இல்லை. தானியத்தை மென்மையாக்கும் மரபணுக்கள் அந்தத் தொகுதியில்தான் இருக்கின்றன. ஆகவே துரும் கல்போல் இறுகிவிட்டது, அரைத்தால் மாவாகாமல் ரவையாக உடைகிறது. மாவுக்கு ரப்பர்போன்ற துள்ளலைத் தரும் புரதங்கள் சிலவும் அதே தொகுதியோடு போயின. ரொட்டிக்கு அது குறை, பாஸ்தாவுக்கு வரம். காதாக மடித்தால் காதாகவே நிற்கும். இத்தாலி 1967-இல் இதைச் சட்டமாகவே ஆக்கியது: அந்நாட்டில் செய்து விற்கும் உலர்பாஸ்தா துரும் கோதுமையில்தான் செய்யப்பட வேண்டும்.

வடக்கே போலோஞ்ஞாவுக்குப் போனால் கதை மாறும். அங்கே மைதாபோன்ற மென்மாவு. 100 கிராமுக்கு ஒரு முட்டை. முட்டைப் புரதம் வலைக்கு வலுச்சேர்க்க, மஞ்சள்கருவின் கொழுப்பு மாவை இளக்குகிறது. மெல்லிய தாளாகத் தேய்த்து நாடா நாடாவாக வெட்டினால் தாலியதெல்லே. வெந்தபின் ஒரு நாடாவின் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972-இல் அந்நகர வணிகச் சபையில் பதிந்தே வைத்தார்கள். நகரத்து அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு என்று அதற்கு ஒரு கணக்கும் சொன்னார்கள்.

பானைக்குள் ஒரு பந்தயம்

பாஸ்தா கொதிநீரில் விழுந்ததும் உள்ளே ஒரு பந்தயம் தொடங்குகிறது. மாவுச்சத்து மணிகள் 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் தண்ணீரைக் குடித்து ஊதத் தொடங்கும். இன்னொரு பக்கம், குளூட்டன் வலை சூட்டில் இறுகிக் கெட்டிப்படும். வலை முந்திக்கொண்டால் ஊதிய மணிகள் உள்ளேயே சிறைப்படும். பாஸ்தா பதமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும். மணிகள் முந்தினால் வெடித்து வெளியே வழியும். பாஸ்தா குழைந்து பிசுபிசுக்கும். புரதம் குறைந்த மாவில் செய்த பாஸ்தா கூழாகிப்போவது இதனால்தான்.

சூடு வெளியிலிருந்து உள்ளே போகிறது, தண்ணீரும் அப்படியே. வெந்துகொண்டிருக்கும் பாஸ்தாவைக் கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். தண்ணீர் இன்னும் எட்டாத இடம் அது. இத்தாலியர் அதை ஆன்மா என்பார்கள். அந்தப் புள்ளி மறையப்போகும் நேரத்தில், பல்லுக்குச் சற்றே எதிர்ப்புக் காட்டும் பதத்தில் இறக்க வேண்டும். 'அல் தெந்தே' என்று அவர்கள் சொல்வது அந்தப் பதத்தைத்தான். உலர்பாஸ்தாவுக்கு ஏறக்குறைய 10 நிமிடம் ஆகும். அன்றே செய்த முட்டை நாடாவுக்கு 2, 3 நிமிடமே போதும். அதில்தான் ஏற்கெனவே ஈரம் இருக்கிறதே.

வேக 100 டிகிரி தேவையில்லை என்பதால், கொதிவந்து சிறிது நேரத்தில் அடுப்பை அணைத்து மூடிவைத்தாலும் பாஸ்தா வெந்துவிடும். 2022-இல் ஐரோப்பாவில் எரிவாயு விலை எகிறியபோது, அதற்கு முந்தைய ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜோ பரிசி இந்த வழியைப் பகிர்ந்தார். சமையற்கலைஞர்கள் சண்டைக்கு வந்தார்கள். பாஸ்தா விஷயத்தில் இத்தாலியர் நோபல் பரிசுக்கெல்லாம் அசைந்துகொடுப்பதில்லை.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 100 கிராம் பாஸ்தாவுக்கு 1,000 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது அவர்கள் வீட்டு வாய்ப்பாடு. உப்புப் போட்டால் தண்ணீர் கூடுதல் சூட்டில் கொதித்து விரைவில் வேகவைக்கும் என்பார்கள் சிலர். இந்த அளவு உப்பு கொதிநிலையை உயர்த்துவது ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உப்பு ருசிக்கு மட்டுமே. பாஸ்தா ஒட்டாமலிருக்க எண்ணெய் ஊற்றுவதோ வீண். அது மேலே மிதந்துகொண்டிருக்கும்.

அதே தண்ணீரில் கீரை

குட்டிக் காதுகளுக்குப் பாரியில் நிரந்தர ஜோடி, சீமே தி ராப்பா என்ற குளிர்காலக் கீரை. டர்னிப்பின் இனத்தைச் சேர்ந்தது. கடுகுக் குடும்பத்துக்கே உரிய கசப்பும் காரமும் உள்ளது. அதைத் தனியாக வதக்குவதில்லை. கொதிக்கும் உப்புத் தண்ணீரில் கீரையைப் போட்டு, அதிலேயே பாஸ்தாவையும் போட்டு வேகவைப்பார்கள்.

கீரை கொதிநீரில் விழுந்த சில நொடிகளில் பச்சை திடீரெனப் பளிச்சிடும். செல்களுக்கு இடையே அடைந்திருந்த காற்று வெளியேறுவதால் நிறம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நேரம் போகப்போக அது மங்கிச் சருகுப் பச்சையாகும். பச்சையத்தின் நடுவே ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. சூட்டில் செல்கள் உடைந்து, அவற்றின் அமிலம் கசிந்து, அந்த மெக்னீசியத்தை வெளியேற்றிவிடுகிறது. தண்ணீர் நிறைய இருந்தால் அமிலம் நீர்த்துப்போகும்; பானையைத் திறந்துவைத்தால் ஆவியாகும் அமிலம் வெளியே போய்விடும். கீரையை மூடாமல் வேகவை என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதே வேதியியல்தான்.

கீரையின் கசப்பில் கொஞ்சமும், தண்ணீரில் கரையும் வைட்டமின்களில் ஒரு பங்கும் பானைக்குள் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரையே பாஸ்தா குடிக்கிறது. பக்கத்து அடுப்பில் ஆலிவ் எண்ணெயில் பூண்டு, மிளகாய் வற்றல், உப்பில் ஊறிய நெத்திலி. நெத்திலி எண்ணெயில் கரைந்தே போகும். பாஸ்தா, கீரை, இந்த எண்ணெய் மூன்றையும் ஒன்றாகப் புரட்டி, வறுத்த ரொட்டித்தூளைத் தூவினால் ஆயிற்று. சீஸ் வாங்க வசதியில்லாத வீடுகளின் கண்டுபிடிப்பு அந்த ரொட்டித்தூள்.

கத்தரிக்காயின் பயணம்

பாரியிலிருந்து சிசிலித் தீவின் கத்தானியாவுக்குப் போனால் அங்கே ராஜா கத்தரிக்காய். பொரித்த கத்தரிக்காய், தக்காளி, உப்பிட்டு உலர்த்திய ரிகோத்தா சீஸ், பேசில் இலை: இது 'பாஸ்தா அல்லா நோர்மா'. கத்தானியாவில் பிறந்த பெல்லினி 1831-இல் அரங்கேற்றிய நோர்மா என்ற இசைநாடகத்தின் பெயர் இது. பேசில் இலையைப் புதுச்சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம்மூர்த் திருநீற்றுப்பச்சிலையும் அதே இனம்.

கத்தரிக்காயும் நமக்குச் சொந்தம்தான். அதன் தாயகங்களில் இந்தியாவும் ஒன்று. பாரசீகம் வழியாக அரேபியர் கைக்குப் போய், அவர்களோடு சிசிலிக்கு வந்தது. சம்ஸ்கிருதப் பெயர் பாரசீகத்தைக் கடந்து அரபியில் பாதிஞ்சான் ஆகி, இத்தாலியில் மெலன்சானா ஆயிற்று. அதே அரபுச் சொல் போர்ச்சுக்கீசியர் வழியாகச் சுற்றி, பிரிஞ்சால் என்று நம் உணவகப் பட்டியலுக்கே திரும்பி வந்திருக்கிறது. தக்காளியோ எதிர்த்திசையில், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலிக்கு வந்தாலும் பாஸ்தாவோடு அது சேர வெகுகாலம் ஆயிற்று. நேப்பிள்ஸ் பிரபு இப்போலித்தோ கவல்காந்தி 1839-இல் பதிப்பித்த நூலில் தக்காளிச் சாற்றோடு சேமியா செய்யும் குறிப்பு இருக்கிறது. நாம் இத்தாலியின் அடையாளமென்று நினைக்கும் சிவப்புப் பாஸ்தாவுக்கு வயது சுமார் 200 ஆண்டுகள்தான்.

கத்தரிக்காய் ஒரு பஞ்சு. அதன் செல்களுக்கு இடையே காற்றறைகள் நிறைய. சட்டியில் போட்டதும் எண்ணெய் அவற்றில் புகுந்துவிடும். உப்புத் தடவி அரைமணி நேரம் வைத்தால் செல்களின் தண்ணீர் வெளியேறி, பஞ்சு அமுங்கிப்போகும். குடிக்கும் எண்ணெய் குறையும். கசப்புப் போகத்தான் உப்பு என்பது பழைய விளக்கம். இன்றைய கத்தரி வகைகளில் கசப்பே குறைவு. உப்பின் உண்மையான பயன் இந்த அமுக்கல்தான்.

தக்காளியில் இரண்டு கவனிக்க வேண்டும். அதன் சிவப்புக்குக் காரணமான லைகோபீன் கொழுப்பில் கரைவது. வேகாத தக்காளியைவிட எண்ணெயில் வெந்த தக்காளியிலிருந்துதான் உடல் அதை நன்றாக ஈர்த்துக்கொள்கிறது. இன்னொன்று, நாக்குக்கு ருசிக்கும் குளூட்டமேட் சதையைவிட விதையைச் சுற்றிய வழவழப்பில்தான் அதிகம். விதையை நீக்குகிறவர்கள் ருசியையும் சேர்த்தே நீக்குகிறார்கள்.

கஞ்சியின் வேலை

இப்போது சட்டியில் எண்ணெயும் காய்கறிச் சாறும் இருக்கின்றன. எண்ணெயும் தண்ணீரும் சேராது. அப்படியே பாஸ்தாவைப் போட்டால் எண்ணெய் தனியே மினுங்கும், சாறு தட்டின் அடியில் தேங்கும். இங்கேதான் கஞ்சி வருகிறது.

வலையிலிருந்து தப்பி வெளியேறிய மாவுச்சத்து அதில் கரைந்திருக்கிறது. இரண்டு கரண்டி கஞ்சியைச் சட்டியில் விட்டு வேகமாகக் குலுக்கிப் புரட்டும்போது எண்ணெய் சின்னஞ்சிறு துளிகளாக உடையும். அந்தத் துளிகள் மறுபடி ஒன்றுசேராமல் மாவுச்சத்து தடுக்கும். தனித்தனியாக இருந்த சாறும் எண்ணெயும் பளபளப்பான ஒரே குழம்பாகிப் பாஸ்தாமேல் படியும். கத்தியில் இழுபட்டுச் சொரசொரப்பான காதுகளில் அது இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

இது இயற்பியலாளர்களையும் இழுத்தது. ரோமாபுரியில் 'காச்சோ எ பெப்பே' என்ற பாஸ்தா உண்டு: செம்மறிப் பால் சீஸ், மிளகு, கஞ்சி, அவ்வளவே. கொஞ்சம் தவறினாலும் சீஸ் திரிந்து கட்டி கட்டியாகும். ஐரோப்பிய ஆய்வகங்களில் பணிபுரியும் இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இதை அளந்து பார்த்து 2025-இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். சூடு ஏறினால் சீஸின் புரதங்கள் ஒன்றையொன்று பிடித்துக் கட்டியாகின்றன. மாவுச்சத்து சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் இருந்தால் அவை விலகியே நிற்கும். ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் கட்டிதான். அவர்கள் தந்த கணக்கு: 160 கிராம் சீஸுக்கு 4 கிராம் மாவுச்சத்து. சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக்நோபல் பரிசு அந்த ஆண்டு இவர்களுக்கே கிடைத்தது.

உணவகத்தில் ஒரே பானையில் நாளெல்லாம் பாஸ்தா வேகிறது. கஞ்சி தானாகவே கெட்டிப்படும். வீட்டில் இரண்டு பேருக்குப் பெரிய பானை நிறையத் தண்ணீர் வைத்தால் கஞ்சி வெறும் தண்ணீராகத்தான் இருக்கும். ஆகவே வீட்டில் தண்ணீரைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், உப்பையும் கூடவே குறைத்துவிடுங்கள், அடிக்கடி கிளறிவிடுங்கள். பதத்துக்கு ஒரு நிமிடம் முன்பே பாஸ்தாவை எடுத்துக் காய்கறிச் சட்டியில் சேர்த்துக் கஞ்சி விட்டுப் புரட்டுங்கள். மிச்ச வேக்காடு அங்கே முடியட்டும்.

கஞ்சியின் அருமை நமக்குப் புதிதல்ல. குடித்தோம், துணிக்கும் போட்டோம். பாஸ்தா செய்யும்போது மட்டும் ஏனோ அதைத் தொட்டியில் கொட்டிவிடுகிறோம். அடுத்த முறை வடிதட்டைக் கையிலெடுக்கும் முன், ஒரு குவளையை எடுங்கள்.