எண்ணெய் காய்ச்சிய கரைகள்

கோடை வந்ததும் லாங்யியர்பியன் துறைமுகத்திலிருந்து சில பாய்மரக் கப்பல்கள் வடக்கே கிளம்புகின்றன. நார்வேக்கும் வடதுருவத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் தலைமை ஊர் அது. சுமார் 2,500 பேர் வாழ்கிறார்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை.

இந்தக் கப்பல்களில் பெயர்பெற்ற ஒன்று நோர்டர்லிக்ட். 1910இல் ஜெர்மனியின் ஃபிளென்ஸ்பர்க் நகரில் கட்டப்பட்டு, கலங்கரை விளக்குக் கப்பலாக நெடுங்காலம் உழைத்து, பிறகு பயணிகளை ஏற்றத் தொடங்கிய இரட்டைப் பாய்மர ஸ்கூனர். வழி முழுக்கப் பாய் விரித்தே ஓடிவிட முடியாது. மலைகளுக்கு நடுவே நீளும் ஃபியோர்டுகளில் காற்று நிலையாக வீசுவதில்லை. பல மணி நேரம் இயந்திரம்தான் இழுக்கிறது. ஆனால் காற்று கூடிவந்து இயந்திரத்தை நிறுத்திவிட்டால், சீல் மூச்சு விடும் ஓசைகூடக் காதில் விழும். பெரிய கப்பல்கள் எட்டிப்பார்க்க முடியாத சிறு விரிகுடாக்களிலும் நங்கூரம் போடலாம்.

ஸ்வால்பார்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதம் பனியாறுகளின் கீழ் இருக்கிறது. லீஃப்டெஃபியோர்டில் உள்ள மொனாக்கோ பனியாற்றின் முகப்பை நெருங்கும்போது முதலில் தெரிவது பறவைக் கூட்டம். அங்கே அவற்றுக்கு என்ன வேலை? பனியாற்றின் அடியில் உருகும் நன்னீர் ஆழத்தில்தான் கடலில் கலக்கிறது. உப்புநீரைவிட எடை குறைந்ததால் அது விறுவிறுவென மேலெழுகிறது. எழும்போது ஆழத்திலிருக்கும் சிறு கடலுயிர்களையும் வாரிக்கொண்டு வருகிறது. மேற்பரப்பில் அவை திணறி மிதக்க, கிட்டிவேக் பறவைகள் கூட்டமாக இறங்கிக் கொத்துகின்றன. பனிச்சுவரின் பாளம் ஒன்று பிளந்து விழுந்தால் பேரலை கிளம்பும். அதனால் மாலுமிகள் தொலைவிலேயே கப்பலை நிறுத்திவிடுகிறார்கள்.

பனியாறுகள் பின்வாங்குவதற்குக் காங்ஸ்ஃபியோர்டே கண்கூடான சாட்சி. வரைபடங்களில் தீபகற்பம் என்று குறிக்கப்பட்டிருந்த புளோம்ஸ்ட்ராண்ட், பனி விலகியதும் தனித் தீவு என்று தெரியவந்தது. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இதே ஃபியோர்டின் கரையில், நீ-ஓலஸுண்ட் என்ற ஊரில் இயங்குகிறது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய ‘இண்ட்ஆர்க்’ கருவித் தொகுதி 2014இல் இங்கே சுமார் 190 மீட்டர் ஆழத்தில் நிறுத்தப்பட்டது. கடல்நீரின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் பதிவுசெய்வது அதன் பணி.

இந்தத் தீவுகளை 1596இல் டச்சு மாலுமி வில்லெம் பாரன்ட்ஸ் வரைபடத்தில் ஏற்றினார். 1607இல் வந்த ஹென்றி ஹட்சன் இந்தக் கடலில் திமிங்கிலங்கள் மலிந்திருப்பதாகச் சொன்னார். அந்தச் செய்தி போதுமானதாக இருந்தது. 1611இல் ஆங்கிலேயர் வேட்டையைத் தொடங்கினார்கள். டச்சுக்காரர்கள் 1614இல் தனி நிறுவனமே அமைத்தார்கள். ஈட்டி எறியும் கலை அப்போது பாஸ்க் நாட்டு வேட்டைக்காரர்களுக்குத்தான் கைவந்திருந்தது. அவர்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள்.

குறி, போஹெட் திமிங்கிலம். மெதுவாக நீந்தும், செத்தாலும் மூழ்காமல் மிதக்கும். தோலுக்கடியில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் தடித்த கொழுப்பு. இதைவிட எளிய இரை வேட்டைக்காரனுக்கு ஏது? செத்த உடலைக் கரைக்கு இழுத்துவந்து கொழுப்பை உரித்து, துண்டு போட்டு, செம்புக் கொப்பரைகளில் காய்ச்சினார்கள். அந்த எண்ணெயில் ஐரோப்பாவின் விளக்குகள் எரிந்தன, சோப்பு செய்யப்பட்டது. வாயில் தொங்கும் நீண்ட தகடுகள் பெண்களின் இடுப்புக் கச்சைகளுக்குப் போயின.

ஆம்ஸ்டர்டாம் தீவில் டச்சுக்காரர்கள் 1619இல் அமைத்த ஸ்மீரன்பர்க், இந்தத் தொழிலின் பேர்போன கரை. ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த, கடைத்தெருவும் தேவாலயமும் கொண்ட நகரம் என்று பிற்காலத்தில் கதை பரவியது. அகழாய்வு காட்டியதோ, பரபரப்பான பருவத்திலும் சுமார் இருநூறு பேர் மட்டுமே வேலை செய்த ஓர் எண்ணெய்ப் பட்டறையை. வழிந்த எண்ணெயும் மணலும் சரளையும் இறுகிக் கல்லாகிப்போன வளையங்கள், அடுப்புகள் இருந்த இடத்தை இன்றும் காட்டுகின்றன.

கருவிகளைக் காவல் காக்க 1633இல் ஏழு பேர் குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்கி உயிர் பிழைத்தார்கள். அந்தத் துணிவில் அடுத்த ஆண்டும் ஏழு பேரை விட்டுச் சென்றார்கள். மறுகோடையில் கப்பல் திரும்பியபோது ஒருவரும் உயிரோடு இல்லை. காய்கறியும் பழமும் கிடைக்காத வாழ்க்கையில் ஈறு வீங்கி, பல் உதிர்ந்து, உடல் சோர்ந்து கொல்லும் ஸ்கர்விதான் இத்தொழிலாளிகளின் பெரிய எமன். வடமேற்குக் கரையில் லிக்னெஸெட் என்ற இடத்தில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. நிலத்தடி உறைபனி முந்நூறு, நானூறு ஆண்டுகளாகக் காப்பாற்றி வைத்திருந்த எலும்புகளும் கம்பளி ஆடைகளும், நிலம் இளகும் இக்காலத்தில் சிதைகின்றன. ஏழைத் தொழிலாளிகள் பற்றி ஏடுகளில் அதிகம் எழுதி வைக்கப்படவில்லை. அவர்கள் உண்டது, உடுத்தது, நோயில் பட்டது எல்லாவற்றுக்கும் இந்த மண்ணே பதிவேடு. அது அழிவது பெரிய இழப்பு.

1660 வாக்கில் ஸ்மீரன்பர்க் கைவிடப்பட்டது. விரிகுடாக்களில் திமிங்கிலம் அரிதாகிவிட்டது. வேட்டை பனிக்கடலுக்கு நகர்ந்தது.

இன்று 1946க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவானாலும் சட்டக் காவலில் உள்ளது. துருப்பிடித்த ஆணியைக்கூட எடுத்துச் செல்லக்கூடாது. உயிர்களுக்கும் காவல் உண்டு. தந்தத்துக்காக ஏறக்குறையத் துடைத்தழிக்கப்பட்ட வால்ரஸ், 1952இல் வேட்டை தடைசெய்யப்பட்டபின் மெல்லத் திரும்பியது. கடற்கரைகளில் அவை கும்பலாகக் குவிந்து கிடப்பதைப் பயணிகள் இப்போது பார்க்கிறார்கள். துருவக் கரடிக்கு 1973 முதல் பாதுகாப்பு. 2025 முதல் கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். படம் சிறிதாக விழுந்தாலும் பரவாயில்லை. துரத்தப்படும் கரடி வீணாக்கும் தெம்பு, கடல்பனி குறையும் காலத்தில் அதற்கு எளிதில் திரும்பக் கிடைக்காது.

போஹெட் மட்டும் அப்படித் திரும்பவில்லை. இருநூறு ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய, மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே கன்று ஈனும் உயிர் அது. இழந்ததை விரைவில் ஈடுகட்ட அதனால் ஆகாது. ஆனாலும் முற்றாக அற்றுப்போகவில்லை. கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் இடையிலான ஃப்ராம் நீரிணையில் நீருக்கடி ஒலிவாங்கிகள் மூன்று ஆண்டுகளில் 184 வெவ்வேறு பாடல்களைப் பதிவுசெய்தன. முடிவுகள் 2018இல் வெளியாயின. 2015இல் நார்வே துருவ ஆய்வு நிறுவனம் ஹெலிகாப்டரில் பறந்து கணக்கெடுத்து, பனி விளிம்புப் பகுதியில் ஏறத்தாழ 340 போஹெட்டுகள் இருக்கலாம் என மதிப்பிட்டது. கப்பல்கள் நுழையத் தயங்கும் அடர்பனிதான் இதுவரை அவற்றுக்கு அரண். அந்தப் பனியின் பரப்பு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிவருகிறது.