பிழையும் சேர்ந்தே நகலாகும்

பெரிய வங்கிகள் பலவற்றின் கணக்குகள் இன்றும் மெயின்ஃபிரேம் கணினிகளில்தான் இருக்கின்றன. நீங்கள் போட்ட பணத்துக்குக் குறுஞ்செய்தி வரும் முன்பே அந்த வரவு இரண்டு ஊர்களில் பதிவாகியிருக்கலாம். ஐபிஎம்மின் 'மெட்ரோ மிரர்' முறையில், இரண்டாவது தரவு மையத்திலும் எழுதி முடித்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். 100 கி.மீ. தள்ளியுள்ள மையத்துக்குப் போய்த் திரும்ப ஒரு மில்லிநொடி ஆகும். ஒவ்வொரு பதிவுக்கும் இந்தத் தாமதம் சேர்வதால், இரு மையங்களையும் வெகு தொலைவில் வைக்க முடியாது.

இத்தனை ஏற்பாடு இருந்தும் இதற்குப் பேக்கப் என்று பெயரில்லை. ஒரு மையம் தீப்பிடித்தால் மற்றது கைகொடுக்கும், உண்மைதான். ஆனால் இரவில் ஓடும் ஒரு நிரல் லட்சம் கணக்குகளில் தப்பான இருப்பை எழுதிவிட்டால், அந்தத் தப்பும் அதே மில்லிநொடியில் அடுத்த ஊருக்குப் போய்விடும். அப்போது வேண்டியது இன்னொரு இடமல்ல, நேற்றைய நிலை.

மெயின்ஃபிரேம்காரர்கள் இதை வெகுகாலம் முன்பே உணர்ந்தவர்கள். பழைய கோப்பின்மேல் எழுதாமல், ஒவ்வொரு இரவும் புதிய தலைமுறையை உருவாக்குவது அவர்கள் வழக்கம். இப்போதுள்ளது பூஜ்ஜியம், அதற்கு முந்தையது மைனஸ் ஒன்று, எழுதப்போவது பிளஸ் ஒன்று. தாத்தா, அப்பா, மகன் என்று வரிசை நீளும்.

அந்தத் தலைமுறைகளை டேப்பில் வைப்பதைப் பழங்காலப் பழக்கம் என்று நினைப்பவர்கள் 2011 பிப்ரவரியைப் பார்க்க வேண்டும். கூகுளின் சேமிப்பு மென்பொருளில் நேர்ந்த பிழையால் சில ஜிமெயில் பயனர்களின் அஞ்சல்கள் பல மையங்களிலும் ஒருசேர மறைந்தன. பிணையத்தில் இல்லாத டேப்பை மட்டும் பிழையால் தொட முடியவில்லை, மீட்டது அதிலிருந்துதான். தென்கொரியாவின் டேஜானில் 2025 செப்டம்பரில் அரசுத் தரவு மையம் எரிந்தபோது அப்படியொரு பிரதி இல்லை. அளவு மிகப் பெரியது என்று வெளியே பேக்கப் எடுக்காமல் விட்ட 858 டெராபைட் ஆவணங்கள் சாம்பலாயின. ஒரே கார்ட்ரிட்ஜ் 50 டெராபைட் கொள்ளும் டேப் 2023லேயே வந்துவிட்டது. அளவைக் காரணம் காட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்று பல மையங்களில் 'மெய்நிகர் டேப்' இருக்கிறது. டேப்பைப் போல நடந்துகொள்ளும் வட்டு அது, வேகமானது. ஆனால் பிணையத்தோடு இணைந்தே இருப்பதால், ஊடுருவியவன் கைக்கு எட்டிவிடும். அதை நம்பி, கழற்றி வைக்கும் டேப்பைக் கைவிடுவது ஆபத்து.

பேக்கப்பை எடுப்பது பாதி வேலை. மீட்டுப் பார்ப்பது மீதி. பெரும்பாலும் தள்ளிப்போடப்படுவதும் அதுதான். மீட்பு ஒத்திகை நடத்தினால்தான் சில சிக்கல்கள் கண்ணில் படும். டேப்புகளை மறையாக்கம் செய்து வைத்திருப்பார்கள். அதைத் திறக்கும் சாவிகளைத் தரும் சர்வரின் பேக்கப்பும் அதே மறையாக்க டேப்பில் கிடக்கும். மையமே போன நாளில் எதையும் திறக்க முடியாது. அதனால் ஒரு சாவி சர்வரையாவது மறையாக்கம் இல்லாத வட்டில், தனியாக வைத்திருக்க வேண்டும்.