படகு ஆடினால் வைஃபை ஏன் போகிறது?

‘9 டிபிஐ ஆன்டெனா, பத்து கிலோமீட்டர் வரை எட்டும்’ என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்ததை நம்பி வாங்கினார்களாம். நங்கூரம் போட்டு நிற்கையில் அரை கிலோமீட்டரில் இருக்கும் கடையின் வைஃபைகூட வந்து வந்து போகிறதாம். ஏன் என்று கேட்கிறார், மலேசியாவின் லங்காவித் தீவில் பாய்மரப் படகு ஒன்றில் வேலை பார்க்கும் வாசகர். கூடவே ஒரு துப்பும் தருகிறார்: குவா துறைக்கு ஃபெரி வந்து போகும்போதெல்லாம், அது கிளப்பும் அலையில் படகு ஆட, சிக்னல் கோடுகளும் கூடவே இறங்கி ஏறுகின்றன.

விடை அந்தத் துப்பிலேயே இருக்கிறது. ஆன்டெனா சக்தியை உண்டாக்குவதில்லை. கொடுத்ததைப் பங்கிடும், அவ்வளவுதான். சாதாரணச் சிறு ஆன்டெனாவைச் சுற்றி அலை பரவும் வடிவம் ஒரு மெதுவடை. ஆன்டெனா நிற்பது நடுத் துளையில். அலை ஒரு பக்கம் எவ்வளவு குவிகிறது என்பதன் அளவான டிபிஐ-யைக் கூட்டுவது என்றால் அதே வடையை அழுத்தித் தட்டையாக்குவது. விட்டம் பெருகும், தடிமன் குறையும், மாவு மட்டும் ஒரு துளியும் கூடாது. விளம்பரம் விட்டத்தைச் சொல்லும். தடிமனைப் பற்றி வாயே திறக்காது.

தட்டையாவது எப்படி என்பதுதான் ரசிக்க வேண்டிய இடம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் 12.5 செ.மீ. 9 டிபிஐ ஆன்டெனாவின் வெள்ளைக் குழாய்க்குள் அரை அலைநீளத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமார் அரை மீட்டர் உயரத்துக்கு நிற்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும் அலைகளை விடுகின்றன. நேர் கிடையாகத் தொலைவில் இருப்பவருக்கு எல்லாத் துண்டும் ஒரே தூரம். முகட்டோடு முகடு சேர்ந்து சிக்னல் வலுக்கும். கொஞ்சம் மேலேயோ கீழேயோ போனால், உச்சித் துண்டுக்கும் அடித் துண்டுக்கும் தூரம் வேறுபடும். 14 டிகிரி வாக்கில் அந்த வேறுபாடு ஓர் அலைநீளத்தைத் தொடுகிறது. அப்போது மேல்பாதியின் ஒவ்வொரு துண்டுக்கும் கீழ்ப்பாதியில் ஓர் எதிராளி கிடைக்கிறது. ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்து, மிச்சம் ஏறத்தாழ பூஜ்யம். அலை வாங்குவதற்கும் இதே கணக்குதான்.

ஆக, பாதி வலிமையாவது கிடைக்கும் தடிமன் சுமார் 13 டிகிரி. மொட்டைமாடியில் அது போதும். படகு 10 டிகிரி சாய்ந்தால் வடையின் ஒரு விளிம்பு கடல் என்ற சாம்பாரில் முங்கிவிடும், மறு விளிம்பு வானத்துப் பறவைக்குப் போய்விடும். கரையில் இருப்பவருக்குக் கிடைப்பது ஏழில் ஒரு பங்குதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. படகு ஆடுவது பெரும்பாலும் இடவலமாக. அப்படி ஆடும்போது முன்பின் அச்சில் வடை சாய்வதே இல்லை. நங்கூரமிட்ட படகு காற்றைப் பார்த்து மூக்கைத் திருப்பும். காற்று கரையிலிருந்து வந்தால் கடை நேர் எதிரே. இடவலமாக ஆடினாலும் சிக்னல் அவ்வளவாக அசையாது. காற்று கரையோரமாக வீசத் தொடங்கினால் கரை பக்கவாட்டுக்கு வந்துவிடும், தொல்லையும் வந்துவிடும்.

எனவே 5 டிபிஐ போதும். அதன் தடிமன் சுமார் 30 டிகிரி. மற்ற படகுகளின் தலைக்கு மேலே பாய்மரத்தின் உச்சியில் வைக்கலாம். ஆனால் வைஃபை ரேடியோவைக் கீழே அறையில் வைத்துவிட்டு 15 மீட்டருக்கு ஆர்ஜி-58 போன்ற மெல்லிய கேபிளை இழுத்தால், மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபல் வீதம் போய், வந்து சேர்வது முப்பதில் ஒரு பங்கு. ரேடியோவையே ஆன்டெனாவின் அடியில் பொருத்தி, லேன் கேபிளில் தரவையும் மின்சாரத்தையும் சேர்த்து அனுப்புவதுதான் வழி. 100 மீட்டர் வரை அதற்கு இந்த நஷ்டம் கிடையாது.

வரலாறும் வேண்டும் என்பவர்களுக்கு: 1898-இல் அயர்லாந்தின் கிங்ஸ்டவுன் படகுப் போட்டியின் செய்திகளை மார்க்கோனி ஓர் இழுவைப் படகிலிருந்து டப்ளின் பத்திரிகை ஒன்றுக்காகக் கம்பியில்லாமல் கரைக்கு அனுப்பினார். பாய்மரத்துக்கும் ரேடியோவுக்கும் அவ்வளவு பழைய உறவு.

இப்போதுதான் செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்க் வந்துவிட்டதே என்பார்கள். அதன் தட்டிலும் இதே கூட்டல் கழித்தல்தான்: ஏராளமான சிறு ஆன்டெனாக்கள், ஒவ்வொன்றின் அலையையும் கொஞ்சம் முன்னும் பின்னும் தள்ளி, படகு சாய்ந்தாலும் கற்றையைச் செயற்கைக்கோள் பக்கமே திருப்புகின்றன. சாமர்த்தியம்தான். 2022-இல் கடல் சேவை தொடங்கியபோது மாதக் கட்டணம் 5,000 டாலர். பிறகு மலிவான திட்டங்கள் வந்தாலும், பாட்டரி மேல் விழும் சுமை இருக்கவே செய்கிறது.

பணத்தை இறக்கும் முன், ரேடியோ காட்டும் சிக்னல் எண்ணைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். படகோடு சேர்ந்து ஆடினால் ஆன்டெனாவை மாற்றுங்கள். ஆடாமல் தாழ்ந்தே கிடந்தால் உயரத்தையும் கேபிளையும் பாருங்கள். எண் நன்றாக இருந்தும் பக்கம் திறக்கவில்லையா? கடையின் ஒற்றை இணைப்பை ஊரே பங்குபோடுகிறது. அதைச் சரிசெய்யும் ஆன்டெனாவை இன்னும் யாரும் விற்கவில்லை, விற்பதாகச் சொல்பவர்கள் இருந்தாலும்.