தொழில் வழக்குத் தொடுப்போர் அறியத்தக்கவை

புதுவை நகரில் தொழிலாளர் உரிமை என்ற பேச்சு எழுந்தால் சவானா ஆலையின் நினைவு வாராதிராது. 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் அங்கு வேலை நிறுத்தம் செய்தோர்மீது நிகழ்ந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 12 தொழிலாளர் மாண்டனர். அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிறந்த பிரெஞ்சு ஆணையால் எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் கிட்டின. இவ்வாறு உயிர் கொடுத்து வாங்கிய உரிமையை, கையில் ஒரு காகிதம் இல்லாமையாலோ காலம் தப்பியதாலோ இழப்பார் இன்றும் பலர். அவர்பொருட்டே இதனை எழுதலாயிற்று.

பிரான்சு தேசத்தில் 1806-ஆம் ஆண்டு லியோன் நகரிலே தோன்றிய ‘ப்ருதோம்’ சபைகளில், முதலாளி தரப்பினரும் தொழிலாளர் தரப்பினரும் சம எண்ணிக்கையில் அமர்ந்து தீர்ப்புக் கூறுகின்றனர். நம் முறை வேறு. இங்கு நெடுங்காலம் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் வழங்கிற்று. இப்போது அதற்குப் பதிலாக 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ளது.

வேலைநீக்கம் செய்யப்பட்டவர் நேரே தீர்ப்பாயத்தின் படியேறுதல் கூடாது. முதலில் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்தல் வேண்டும். தகராறு தோன்றி இரண்டாண்டு கடந்துவிடின் அவர் அதை எடுத்து விசாரிக்க இயலாது. சமரசம் முறிந்து, அவருடைய அறிக்கை கைக்கு வந்த 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்தல் வேண்டும். அறிக்கை வந்த தேதியை அதன் உறைமீதே குறித்து வைத்தல் நலம்.

தம்மைத் தொழிலாளர் என்று சட்டம் கொள்ளுமா என்பதும் ஆராயத்தக்கது. நிர்வாகப் பதவியில் உள்ளாரும், மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறுவாரும் இதன்கண் அடங்கார். பழைய சட்டத்தின்படி ஆசிரியர் தொழிலாளர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1988-ல் தீர்த்தமை, கல்லூரி வாசகர்க்குச் சிறிது வியப்பளிக்கலாம்.

நிற்க, வழக்கின் உயிர்நாடி சாட்சியமே. பல கடைகளிலும் சிறு பட்டறைகளிலும் நியமன உத்தரவு என ஒன்று கொடுப்பதே இல்லை. வேலையைவிட்டு நிறுத்தியபின், ‘இவர் எம்மிடம் வேலை செய்தவரே அல்லர்’ என்று முதலாளி சாதிப்பார். ஓராண்டில் 240 நாள் வேலை செய்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. தொழிலாளி தாமே எழுதிக்கொடுக்கும் பிரமாணப் பத்திரம் மட்டும் அதற்குப் போதாது. ஆதலால் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகம், சேமநிதிக் கணக்கு, ஈ.எஸ்.ஐ. அட்டை, வருகை அட்டை, மேலாளர் அனுப்பிய செய்திகள் ஆகியவற்றை வேலையில் இருக்கும்போதே சேர்த்துப் பிரதியெடுத்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை போனபின் ஆலைக் கதவு திறவாது.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால் சினந்து மௌனம் சாதிப்பாரும், விசாரணைக்குப் போகாதாரும் உளர். இது பெரும் பிழை. அவர் இல்லாமலே விசாரணை நடந்து முடியும். பின்னர் அது நேர்மையற்றதென்று வாதிடுதல் அரிதாகும். போய், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து, மறுக்கப்பட்ட ஆவணங்களை எழுத்தில் கேட்டு, அந்த மறுப்பையும் நடவடிக்கைக் குறிப்பில் பதியச் செய்தல் வேண்டும். எழுதாத தாளிலே கையொப்பமிடுதல் எந்நாளும் ஆகாது. ‘ராஜிநாமா எழுதிக்கொடு, பாக்கியைத் தருகிறோம்’ என்பார் சொல்லுக்கு இணங்குமுன் தொழிற்சங்கத்தாரையேனும் அறிந்தவரையேனும் கலந்துகொள்க.

வக்கீல் இல்லையே என்று அஞ்ச வேண்டுவதில்லை. சங்க நிர்வாகி தொழிலாளிக்காக வாதாடலாம். தீர்ப்பாயத்தில் வக்கீல் தோன்றுவதற்கு எதிர்த்தரப்பின் இசைவும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் வேண்டும்.

ஊதிய நிலுவையைக் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். தவறான வேலைநீக்கம் ரத்தானால் மீண்டும் வேலையும் நிலுவைச் சம்பளமும் தருவதே வழக்கமான விதி என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் மொழிந்தது. ஆயினும் இடைக்காலத்தில் தமக்கு வேறு ஆதாயமான வேலை இல்லை என்பதைத் தொழிலாளி மனுவிலேயே கூறியிருத்தல் வேண்டும். இவ்வொரு வாக்கியத்தை விட்டு மனு எழுதுவார் பலர். ஆண்டுக்கணக்கான சம்பளம் அதனால் குறையக்கூடும்.