சுவர்ப் பெட்டிக்குள் ஒரு சிறு பிழை

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரத்தை எட்டியது. அதன் பின்னர், ஊரில் தனித்திருக்கும் பெற்றோரின் வீட்டுக் கூரையில் சூரியப்படல்கள் பூட்டுவிக்க இங்கிருந்து பணம் அனுப்பிய நண்பர்கள் சிலரை அறிவேன். படல் எத்தனை, பற்றரி எவ்வகை என்று தொலைபேசியில் துருவித் துருவி விசாரிக்கும் அவர்கள், சுவரிலுள்ள பெட்டிக்குள் எந்தச் சுற்றுடைப்பான் பூட்டப்பட்டது என்று கேட்பதில்லை.

அண்மையில் நண்பரொருவர் காட்டிய புகைப்படத்தில், கூரையிலிருந்து இறங்கிய கம்பிகள் வீட்டு விளக்குகளுக்குரிய சாதாரண சுற்றுடைப்பானில் முடிந்திருந்தன. இடி முழங்கினால் அவருடைய தகப்பனார் முதல் வேலையாக அதனைக் கீழே தட்டிவிடுவாராம். கேட்டதும் எனக்கு உதறலெடுத்தது.

வீட்டுக்கு வரும் மின்சாரம் ஆடலோட்டம், பேச்சில் ஏ.சி. என்கிறோம். அது செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொட்டு மீள்கிறது. சுற்றுடைப்பானின் தொடுகைகள் விலகும்போது அவற்றிடையே எழும் மின்வில் அந்தப் பூச்சியக் கணத்தில் அணைந்துவிடும். படலிலிருந்து வருவதோ நேரோட்டம், அதாவது டி.சி. அதற்கு அந்த ஓய்வு கிடையாது. மூட்டியது மூட்டியபடியே வில் எரியும், பெட்டி உருகும், வெயில் உள்ளவரை படலை நிறுத்தவும் வழியில்லை. நேரோட்டத்துக்கென்றே செய்யப்பட்ட சுற்றுடைப்பானில் வில்லை நீட்டித் துண்டாக்கி அணைக்கும் அறையுண்டு. சிலவற்றில் நிலைக்காந்தமும் உண்டு. அவ்வகையில் நேர், மறை முனைகளை மாற்றிப் பூட்டினால் காந்தம் வில்லை எதிர்ப்புறம் தள்ள, சரியான பொருளே ஆபத்தாகிவிடும். முனைவேறுபாடு இல்லாத வகையைக் கேட்டு வாங்குவதே நன்று.

வோல்ற்றளவையும் கணக்கிட வேண்டும். திறந்த சுற்றில் 50 வோல்ற்றுத் தரும் 10 படல்களைத் தொடராக இணைத்தால் 500 வோல்ற்று. ஐரோப்பியக் குளிரில், மறை 10 பாகையில், இது ஏறத்தாழ 550 ஆகும். யாழ்ப்பாணத்தில் குளிரில்லை, ஆனால் வெயில் சுடும் சுவரில் பெட்டியை வைத்தால் சுற்றுடைப்பான் காலத்துக்கு முன்பே விழும்.

பற்றரிப் பக்கம் வேறு கதை. 48 வோல்ற்றுத்தானே என்று அலட்சியம் செய்வோர் உளர். அந்தப் பற்றரி குறுஞ்சுற்றானால் ஆயிரக்கணக்கான அம்பியர் பாயக்கூடும். அதனை முறிக்கவல்லது என்று பொறிக்கப்பட்ட சுற்றுடைப்பானோ உருகியோ பற்றரியருகே வேண்டும். 5000 வாற் இன்வேற்றர் ஏறத்தாழ 104 அம்பியர் இழுக்கும். இழப்பையும் சேர்த்தால் 120 வரை போகும். ஆகவே 150 அம்பியர் பொருந்தும். ஆனால் கம்பியின் தாங்குதிறன் அதற்குக் குறைவாயின் முதலில் எரிவது கம்பியே.

ஊருக்குத் தொலைபேசி எடுப்போர் பெட்டியின் உட்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சுற்றுடைப்பானின் முகத்தில் அலைக்குறி மட்டும் இருந்தால் அது ஆடலோட்டத்துக்குரியது. நேர்கோடும் அதன் கீழே துண்டுக்கோடும், கூடவே போதிய நேரோட்ட வோல்ற்றளவும் இருத்தல் வேண்டும். பிழையானதைக் கண்டால் பகலில் அதனைத் தொடவேண்டாம்.

நண்பரின் வீட்டில் பொழுதுபட்ட பின்னரே மின்தொழிலாளி வந்து மாற்றினார். தகப்பனாருக்கு இது பிடிக்கவில்லை. பழையது நன்றாகத்தானே இருந்தது என்கிறாராம்.