பார்பரா ஹெப்வொர்த் சிற்பப் பணிக்கூடமும் தோட்டமும்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் பகுதியில் உள்ள கடற்கரை ஊர் செயின்ட் ஐவ்ஸ். சிற்பி பார்பரா ஹெப்வொர்த் (1903–1975) வாழ்ந்து தொழில் செய்த ட்ரெவின் பணிக்கூடமும் அதன் தோட்டமும் இவ்வூரில் அருங்காட்சியகமாகப் பேணப்படுகின்றன.

வேக்பீல்டு நகரில் பிறந்த ஹெப்வொர்த், இரண்டாம் உலகப் போர் மூளவிருந்த 1939 ஆகஸ்டில் தம் கணவரும் ஓவியருமான பென் நிக்கல்சனுடனும், ஒரே பேற்றில் பிறந்த மூன்று குழந்தைகளுடனும் கார்ன்வாலுக்கு வந்தார். போர் ஆண்டுகளில் வீட்டு வேலையும் இடப் பற்றாக்குறையும் அவரைப் பெரும்பாலும் வரைபடங்களோடும் சிறு உருவங்களோடும் நிறுத்திவிட்டன. 1949இல் ட்ரெவினை வாங்கிய பிறகு நிலைமை மாறியது. கல் செதுக்குவது ஓசையும் தூசும் மிகுந்த வேலை. அதைத் திறந்தவெளியில் செய்ய மதில் சூழ்ந்த இந்தத் தோட்டம் வசதியாக அமைந்தது.

தோட்டத்தை அமைப்பதில் அவருடைய தோழியான இசையமைப்பாளர் பிரியோ ரெய்னியர் உதவினார். மிதமான கடலோரத் தட்பவெப்பத்தில் வெப்பநாட்டுச் செடிகளும் வளர்கின்றன. அவற்றுக்கிடையே வெண்கலச் சிற்பங்களும் கற்சிற்பங்களும் நிற்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஹெப்வொர்த் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. அவருடைய சிற்பங்களில் துளை ஒரு முக்கிய உறுப்பு. அதன் வழியே இலையும் வானமும் தெரியும். பார்ப்பவர் ஓரடி நகர்ந்தால் துளைக்குள் தெரியும் காட்சியும் மாறிவிடும். நூலில் அச்சிட்ட படம் இதைக் காட்டாது. 1966இல் உருவான 'நாற்சதுரம்' என்ற பெரிய வெண்கலச் சிற்பத்தின் ஊடே நடந்தே செல்லலாம்.

1950களின் நடுவில் அவர் வெண்கலத்துக்கும் வந்தார். களிமண்ணில் உருவம் பிடிக்காமல், உலோக வலைச் சட்டத்தின் மேல் பிளாஸ்டர் சாந்தைப் பூசி, இறுகியதும் கல்லைப் போலவே அதைச் செதுக்குவார். பிறகு அது வார்ப்பகத்துக்குப் போகும். ட்ரெவினில் இடம் போதாமல், எதிரே முன்பு திரையரங்காகவும் நடனக்கூடமாகவும் இருந்த கட்டடத்தை 1961இல் வாங்கினார். நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவைத் தலைமையகத்தின் முன் 1964 முதல் நிற்கும், ஏறக்குறைய 21 அடி உயர 'ஒற்றை வடிவம்' அங்கேதான் உருப்பெற்றது. விமான விபத்தில் இறந்த பொதுச்செயலர் டாக் ஹமாஷெல்டின் நினைவாக அது நிறுவப்பட்டது.

செதுக்கும் அறைகளைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். உளிகள், சுத்திகள், அரங்கள், மாட்டிவைத்த வேலையுடைகள், பாதி செதுக்கிய பளிங்குக் கற்கள் ஆகியவை அப்படியே உள்ளன. முடிந்த சிற்பங்களைவிட இந்த அறைகளே மாணவர்களுக்கு அதிகம் கற்பிக்கும். வழவழப்பான ஒரு பரப்புக்கு எத்தனை வகைக் கருவிகள் வேண்டியிருந்தன என்பது அங்கே கண்ணெதிரே தெரிகிறது.

1975 மே 20 அன்று இவ்வீட்டில் ஏற்பட்ட தீ விபத்தில் ஹெப்வொர்த் தமது 72ஆம் வயதில் இறந்தார். இவ்விடம் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட வேண்டும் என்ற அவரது விருப்பப்படி குடும்பத்தினர் அடுத்த ஆண்டே அதைத் திறந்தனர். 1980 முதல் டேட் நிறுவனம் நிருவகிக்கிறது. வார்ப்புக்கு முந்தைய பிளாஸ்டர் உருவங்கள் பலவற்றை, 2011இல் அவர் பிறந்த ஊரில் திறக்கப்பட்ட ஹெப்வொர்த் வேக்பீல்டு காட்சியகத்தில் காணலாம்.